'ஒண்ணும் ஆகலை' என்று நான் சொன்ன அந்த முதல் ஐந்து நிமிடம்

சிக்னல் சிவப்பு. எனக்கு முன்னால் இரண்டு கார்கள். பின் சீட்டில், தன்னுடைய குழந்தை இருக்கையில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்த என் 5 வயது மகள், ஜன்னல் கண்ணாடியில் மூச்சுவிட்டு அந்த ஆவியில் விரலால் வரைந்துகொண்டிருந்தாள். மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். பின்னாலிருந்து 'டொம்' என்று ஒரு சத்தம்.

கண்ணாடி உடையவில்லை, ஏர்பேக் விரியவில்லை. சீட் என் முதுகை முன்னால் தள்ளியது. தலை மட்டும் ஒரு கணம் பின்தங்கி, பிறகு வந்து சேர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். மகள் அழவில்லை. "யாரும்மா தட்டினா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலைடா கண்ணு, ஒண்ணும் ஆகலை" என்றேன்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் அதையே இன்னும் மூன்று பேரிடம் சொன்னேன். இடித்த காரை ஓட்டி வந்த பையனிடம், ஸ்கூட்டரை ஓரம்கட்டி விசாரித்த பெரியவரிடம், போனில் என் கணவரிடம். யாரிடம் சொன்னபோதும் நான் எதையும் சரியாகப் பார்த்திருக்கவில்லை. காரையும் பார்க்கவில்லை, என் கழுத்தையும் அசைத்துப் பார்க்கவில்லை, மகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்படிச் சொன்னதற்கு அடுத்த மூன்று வாரங்கள் நான் பதில் சொல்லவேண்டியிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பின்னாலிருந்து யாராவது லேசாக இடித்தால் அது சின்ன இடியா பெரிய இடியா என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டாதீர்கள். குறைந்தது இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

முதலில், நான் செய்த மிக ஆபத்தான காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இறங்கியதும் நேராகப் பின்னால் போய், என் பம்பருக்கும் இடித்த காரின் பானெட்டுக்கும் நடுவில் நின்று குனிந்து பார்த்தேன். ஸ்கூட்டர் பெரியவர்தான், "அங்க நிக்காதம்மா, ஓரத்துக்கு வா!" என்று கத்தினார். எனக்கு அப்போது புரியவில்லை. ஈர ரோடு, மாலை வெளிச்சம் மங்கும் நேரம், பின்னால் வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. மூன்றாவதாக ஒரு வண்டி பிரேக் பிடிக்காமல் அந்தக் காரின் மேல் மோதியிருந்தால், இரண்டு கார்களுக்கு நடுவே என் கால்கள் இருந்திருக்கும். முதல் இடியில் கீறல்கூட இல்லாதவர்கள் இரண்டாவது இடியில் முடமாவது இப்படித்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு முழங்காலுக்குக் கீழே கூசுகிறது.

அதனால் எதற்கும் முன்னால் ஹசார்டு லைட்டைப் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு எஞ்ஜினை அணையுங்கள். உடன் இருப்பவர்களை, பின் சீட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவராகக் கேளுங்கள். கதவைத் திறக்கும் முன் கண்ணாடியில் பின்னால் பாருங்கள். வண்டிகள் வேகமாகப் போகும் நெடுஞ்சாலை என்றால், போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய் நின்றுவிடுங்கள். படம் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆளரவமற்ற இருட்டான இடத்தில் இடித்திருந்து, இடித்தவர்களின் நடவடிக்கை சரியாகப் படவில்லை என்றால் இறங்கவே வேண்டாம். கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, காவல்துறையை அழைப்பதாகச் சொல்லிவிட்டு, வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடத்துக்கு ஓட்டிப் போய் நிற்கலாம். வேண்டுமென்றே தட்டிவிட்டு, இறங்கி வருபவரிடம் பறித்துக்கொண்டு போவது பல நாடுகளில் நடந்திருக்கிறது.

என்னை இடித்த பையனுக்கு 22, 23 வயது இருக்கும். முகம் வெளுத்திருந்தது. "சாரி அக்கா, பிரேக் அடிச்சேன் அக்கா, வழுக்கிடுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே அக்கா?" என்று காருக்குள் எட்டிப் பார்த்தார். அவர்மேல் கோபம் வரவில்லை. 11 வருடங்களுக்கு முன் நானே இன்னொருவரின் காரைப் பின்னாலிருந்து இடித்திருக்கிறேன். அன்று எனக்குக் கைகள் எப்படி நடுங்கின என்பது மறக்கவில்லை. அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. "முதல்ல தண்ணி குடிம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

பின்னாலிருந்து இடித்தவர்மேல்தான் பொறுப்பு என்பது பெரும்பாலும் எங்கும் பொதுவான எண்ணம். முன்னால் போகும் வண்டி எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம், அதற்கு இடைவெளி விடவேண்டியது பின்னால் வருபவர் என்பதுதான் அதன் அடிப்படை. கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் போகிறது. முன்னால் சிவப்பு விளக்கைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆனாலே 21 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் வேலை செய்யத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். ஆனால் எப்போதும் பின்னால் வந்தவர்தான் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. முன்னால் இருந்தவர் ரிவர்ஸ் எடுத்திருக்கலாம், குறுக்கே புகுந்து சட்டென்று நின்றிருக்கலாம், அவருடைய பிரேக் லைட் எரியாமல் இருந்திருக்கலாம். அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். மூன்று விளக்கும் எரிந்தன. அதையும் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டேன். பிற்பாடு அது உதவியது.

ஆகவே யார் தப்பு என்ற பேச்சை அந்த இடத்தில் எடுக்கவே வேண்டாம். நீங்கள் இடித்தவராக இருந்தால் "சாரி" என்று சொல்வதில் தப்பில்லை. மனிதர் மனிதரைப் பார்த்துக் கேட்கும் வார்த்தை அது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2006இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது: மன்னிப்புக் கேட்டதை வைத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று. எல்லா இடத்திலும் அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் "அடிபட்டுச்சா? சாரி" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "முழுக்க என் தப்புதான், நான் போனைப் பார்த்துட்டேன், எல்லாச் செலவும் நானே தர்றேன்" என்று நடுக்கத்தில் கொட்டிவிடாதீர்கள். இடிபட்டவராக இருந்தால், நான் சொன்னதுபோல "ஒண்ணும் ஆகலை" என்று சொல்லாதீர்கள். "இப்போதைக்குத் தெரியலை, பார்க்கணும்" என்பதுதான் உண்மை. அதைச் சொல்லப் பழகுங்கள்.

படங்கள். இதில் மட்டும் நான் கொஞ்சம் நிதானமாக இருந்தேன். கார்களை நகர்த்துவதற்கு முன்னால் அகலமாக நாலு படம் எடுத்தேன். இரண்டு வண்டிகளும், ரோட்டில் உள்ள கோடும், சிக்னல் கம்பமும் ஒரே படத்தில் வரும்படி. பெரும்பாலும் நாம் எடுப்பது நசுங்கிய இடத்தின் நெருக்கமான படத்தைத்தான். ஆனால் எந்த லேனில், எந்தக் கோணத்தில், எவ்வளவு இடைவெளியில் நின்றிருந்தன என்பதைக் காட்டுவது தூரத்துப் படம்தான், வண்டி நகர்ந்துவிட்டால் அது திரும்பக் கிடைக்காது. பிறகு இரண்டு காரையும் ஓரம்கட்டினோம். அடிபட்டவர் யாரும் இல்லாமல், ஓட்டும் நிலையில் வண்டி இருந்தால் நடுரோட்டில் விட்டு வைப்பது பின்னால் வருபவர்களுக்கு ஆபத்து. சில இடங்களில் காவல்துறை வரும் வரை நகர்த்தக் கூடாது என்று விதி இருக்கிறது. அது உங்கள் ஊரில் எப்படி என்று இன்றே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தாலோ, எதிராளி குடித்திருப்பதுபோல் தெரிந்தாலோ, விவரம் தர மறுத்தாலோ, யோசிக்காமல் காவல்துறையை அழையுங்கள்.

ஓரம்கட்டிய பிறகு என் காரின் பின்புறம், அவர் காரின் முன்புறம், இரண்டு நம்பர் பிளேட், அவருடைய ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ் தாள், ஈரமாக இருந்த ரோடு எல்லாவற்றையும் எடுத்தேன். அவர் காரில் அவரைத் தவிர யாரும் இல்லை என்பது தெரியும்படி ஒரு படம். இது ஏன் என்றால், பின்னால் க்ளெய்ம் வரும்போது வண்டியில் இல்லாதவர்களும் அடிபட்டவர்களாக முளைப்பது உண்டு. கடைசியாக, இரண்டு காரையும் சுற்றி நடந்தபடி ஒரு நிமிட வீடியோ. அவர் தந்த போன் நம்பருக்கு அங்கேயே அழைத்து, அவர் பையில் மணி அடித்ததைக் கேட்டுக்கொண்டேன். ஸ்கூட்டர் பெரியவர் தன் நம்பரையும் தந்து, தான் பார்த்ததை 20 நொடி என் போனில் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போனார். சாட்சி சொல்ல யாரும் நிற்கமாட்டார்கள் என்று நாம் நினைக்கிறோம். கேட்டால் நிற்கிறார்கள்.

காரில் டாஷ்கேம், அதாவது ரோட்டைப் பதிவு செய்யும் கேமரா, இருந்தால் ஒரு விஷயம். அது பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். அன்றைக்கே அந்தத் துண்டை லாக் செய்தோ, கார்டைக் கழற்றியோ பத்திரப்படுத்தாவிட்டால் சில நாளில் அழிந்துவிடும். 

அந்தப் பையன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "அக்கா, இன்சூரன்ஸுக்கெல்லாம் போக வேண்டாம் அக்கா. பம்பர்ல கீறல்தானே. எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, நானே கொடுத்துடறேன்." நான் மீண்டும் ஒருமுறை பம்பரைப் பார்த்தேன். உண்மையிலேயே கீறல்தான். அவருடைய நம்பர் பிளேட்டின் திருகுகள் இரண்டும் என் பம்பரில் இரண்டு புள்ளிகளாகப் பதிந்திருந்தன, ஏதோ பாம்பு கடித்த தடம்போல. அவ்வளவுதான் தெரிந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். 11 வருடங்களுக்கு முன் நான் இடித்த காரும் வெளியே இப்படித்தான் இருந்தது, உள்ளே வேறாக இருந்தது. அந்த நினைப்புதான் தடுத்தது. "தம்பி, பணம் பத்தி இன்னிக்குப் பேச வேண்டாம். எனக்கே எவ்வளவுன்னு தெரியாது. நடந்ததை மட்டும் எழுதி வைப்போம்" என்றேன்.

ஐரோப்பிய நாடுகளில் இதற்கென்று ஒரு பொதுப் படிவம் இருக்கிறது. இரண்டு ஓட்டுநர்களும் சேர்ந்து நிரப்புவது. தேதி, நேரம், இடம், யார் நின்றிருந்தார், யார் நகர்ந்துகொண்டிருந்தார், எந்த இடத்தில் பட்டது, ஒரு சின்ன வரைபடம், இரண்டு கையெழுத்து. யார் குற்றவாளி என்று அதில் எழுத இடமில்லை, நடந்தது மட்டும்தான். அதைப் பற்றி எங்கோ படித்தது நினைவிருந்ததால், மகளின் வரைபட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதேபோல் எழுதினோம். பின் பக்கத்தில் அவள் வரைந்த யானை இருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டு, இருவரும் அதைப் படம் எடுத்துக்கொண்டோம். அந்த யானைத் தாள்தான் பிறகு என் கோப்பில் முதல் பக்கமானது.

ஒன்று நல்லபடியாக நடந்திருந்தது. முன்னால் நின்ற காரின் பின் சக்கரங்கள் ரோட்டைத் தொடும் இடம் என் கண்ணுக்குத் தெரியும்படி இடைவெளி விட்டுத்தான் நான் நின்றிருந்தேன். காலும் பிரேக்கிலேயே இருந்தது. ஒட்டி நின்றிருந்தால், இடித்த வேகத்தில் என் கார் முன்னால் தள்ளப்பட்டு அதையும் இடித்திருக்கும். அப்படித் தொடர் இடி ஆனால் நடுவில் மாட்டியவர் பாடுதான் கஷ்டம். முதலில் யார் யாரை இடித்தார் என்று நிரூபிக்கவேண்டும். அப்படி மாட்டினால், உங்கள் உடம்பு உணர்ந்தது ஒரு அதிர்வா இரண்டா, முதலில் பின்னாலிருந்தா முன்னாலிருந்தா என்பதை அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் கழித்து நினைவு மாறிப்போகும்.

இனி உடம்பு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன்.

இரவு நன்றாகத் தூங்கினேன். காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. கழுத்தின் பின்புறம் தொடங்கி இடது தோள்பட்டை வரை யாரோ கயிற்றை இறுக்கிக் கட்டியதுபோல் இருந்தது. பின்மண்டையில் வலி. காரை ரிவர்ஸ் எடுக்கத் திரும்ப முடியாது என்று தெரிந்ததும் பயந்துவிட்டேன். முந்தின நாள் மூன்று பேரிடம் "ஒண்ணும் ஆகலை" என்றவள் நான்.

இதற்கு விப்லாஷ் என்று பெயர், சாட்டை வீச்சு. ஹரோல்ட் குரோ என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1928இல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். பின்னாலிருந்து இடிக்கும்போது சீட் உடம்பைத் தள்ளுகிறது, கனமான தலை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. நடுவில் மாட்டிய கழுத்து ஒரு கணம் ஆங்கில எஸ் எழுத்தைப்போல் வளைகிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இது முடிந்துவிடும். தசை விழித்துக்கொண்டு கழுத்தை இறுக்கிப் பிடிப்பதற்குள் எல்லாம் ஆகிவிடுகிறது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அப்போதைக்கு வலியை மறைக்கிறது. தசையிலும் நாரிலும் ஏற்பட்ட வீக்கம் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தன்னைக் காட்டுகிறது. வண்டியில் கீறல் மட்டும் என்பதால் கழுத்தும் சும்மா இருக்கும் என்று அர்த்தமில்லை.

மருத்துவர் என்னிடம் கேட்டவை எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. எந்தப் பக்கத்திலிருந்து இடித்தது? பெரிய லாரியா, பஸ்ஸா? நீங்களே இறங்கி நடந்தீர்களா? வலி உடனே வந்ததா, பிறகா? கை கால் மரத்துப்போகிறதா? கழுத்து எலும்பின் நடுக்கோட்டை அழுத்தினார், வலிக்கவில்லை. தலையை இடப்பக்கம் 45 டிகிரி, வலப்பக்கம் 45 டிகிரி மெதுவாகத் திருப்பச் சொன்னார், பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். "எக்ஸ்ரே தேவையில்லை" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். 2001இல் கனடாவில் உருவாக்கப்பட்ட கழுத்தெலும்பு விதி என்று ஒன்று இருக்கிறது. சாதாரணமாகப் பின்னாலிருந்து இடித்தது, அடிபட்டவர் நடந்தார், வலி உடனே வராமல் தாமதமாக வந்தது என்பதெல்லாம் ஆபத்துக் குறைவு என்று காட்டும் விஷயங்கள். கழுத்தையும் திருப்ப முடிந்தால் படம் எடுக்கவேண்டியதில்லை. வலி தாமதமாக வந்ததை நினைத்துத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அதுவே ஆறுதலுக்கான காரணம் என்று அறிந்தபோது, அந்த அறையில் முதல் தடவையாக ஆழமாக மூச்சுவிட்டேன்.

கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு படுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். 1995இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு நிபுணர் குழு இந்தக் காயத்தை 0 முதல் 4 வரை தரம் பிரித்து ஆராய்ந்தது, சாதாரண வகைக்கு அசையாமல் கிடப்பதைவிட மெதுவாக அன்றாட வேலைக்குத் திரும்புவதுதான் நல்லது என்று சொன்னது. எனக்கும் அப்படித்தான் சரியானது. மூன்றாவது வாரம் கண்ணாடியைப் பார்க்காமல் தோளைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன்.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. கை கால் மரத்துப்போதல், பலம் குறைதல், நடை தள்ளாடுதல், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு, பெல்ட் அழுத்திய இடத்தில் வயிற்று வலி என்று எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 65 வயதைத் தாண்டியவர்களையும், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களையும் வலி இல்லை என்று அவர்களே சொன்னாலும் கூட்டிப் போங்கள். வயிற்றில் குழந்தை இருப்பவர்கள், இடி எவ்வளவு லேசாக இருந்தாலும், அன்றே காட்டிவிடவேண்டும். நஞ்சுக்கொடி பிரிவது போன்ற விஷயங்கள் வெளியே தெரியாமல் நடக்கலாம்.

மகளுக்கு வலி எதுவும் இல்லை. ஆனால் இரண்டு இரவு விழித்து எழுந்தாள். பின்னால் ஹாரன் அடித்தால் தோளைக் குறுக்கிக்கொண்டாள். "ஒண்ணும் ஆகலை" என்று அவளிடம் சொன்னதை நிறுத்திவிட்டு, "நம்ம காரை இன்னொரு கார் இடிச்சது, நீயும் பயந்த, அம்மாவும் பயந்தேன்" என்று சொன்ன அன்றைக்குத்தான் அவள் அழுதாள். அழுத பிறகு தூங்கினாள்.

அவளுடைய இருக்கையை மாற்றவேண்டுமா என்ற கேள்வி எனக்குப் பெரிதாக இருந்தது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. எது சின்ன விபத்து என்பதற்கு ஐந்து நிபந்தனைகள் வைத்திருக்கிறது. வண்டியை அங்கிருந்து ஓட்டிப் போக முடிந்திருக்கவேண்டும், இருக்கைக்கு அருகிலுள்ள கதவு சேதமாகியிருக்கக் கூடாது, உள்ளே யாருக்கும் காயம் இருக்கக் கூடாது, ஏர்பேக் விரிந்திருக்கக் கூடாது, இருக்கையில் கண்ணுக்குத் தெரிந்த சேதம் இருக்கக் கூடாது. ஐந்தும் பொருந்தினால்தான் பழைய இருக்கையைத் தொடரலாம். எங்கள் காரில் என் கழுத்து மூன்றாவதைத் தோற்கடித்துவிட்டது. புதிய இருக்கை வாங்கினோம். சில தயாரிப்பாளர்கள் எந்த விபத்துக்குப் பிறகும் மாற்றச் சொல்கிறார்கள், உங்கள் இருக்கையின் கையேட்டைப் பாருங்கள். இதற்கான செலவையும் க்ளெய்மில் கேட்கலாம், கேட்டால்தான் கவனிப்பார்கள்.

இன்னொன்று, தலைச்சாய்ப்பு. அதை நான் சாய்ந்து ஓய்வெடுக்க வைத்த மெத்தை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் 1969 முதல் புதுக் கார்களின் முன் இருக்கைகளில் அது கட்டாயம், தலை பின்னால் மடிவதைத் தடுப்பதற்காகவே. அதன் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை அளவுக்கு இருக்கவேண்டும், தலைக்கும் அதற்கும் நடுவே இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. என்னுடையது முழுக்கக் கீழே இறங்கி, பிடரி மட்டத்தில் இருந்தது. கார் வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை. இதைப் படிக்கிறவர்கள் அடுத்த முறை காரில் ஏறும்போது ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதை மேலே இழுத்துவிடுங்கள். எனக்காகச் செய்யுங்கள்.

காருக்கு வருகிறேன். மூன்றாவது நாள் டிக்கியை மூடினேன், ஒட்டவில்லை. மறுபடி ஓங்கி அடித்தபோதுதான் பூட்டியது. டிங்கரிங் பார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பம்பரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டிக்கிக்கும் இரு பக்கத் தகட்டுக்கும் நடுவேயுள்ள இடுக்கில் விரலை ஓட்டினார். "இந்தப் பக்கம் விரல் போகுது, அந்தப் பக்கம் போகல. கழட்டினாத்தாம்மா தெரியும்" என்றார். 

வெளியே தெரியும் பம்பர் வெறும் பிளாஸ்டிக் உறை. அழுத்தினால் உள்ளே போய், விட்டால் பழையபடி வந்துவிடும். நான் அன்று பார்த்துச் சமாதானமடைந்தது அந்த உறையைத்தான். கழற்றியபோது உள்ளே இருந்த ஃபோம் இரண்டாகப் பிளந்திருந்தது. அதற்குப் பின்னால் உள்ள இரும்புச் சட்டம் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. சட்டத்தைத் தாங்கும் பெட்டி போன்ற பாகம் அக்கார்டியன்போல மடிந்திருந்தது. "இது மடியறதுக்குன்னே செஞ்சதும்மா. ஒரு தடவைதான் மடியும். மறுபடி யாராவது இடிச்சா இனி மடிய ஒண்ணுமில்ல, நேரா உள்ள வந்துடும்" என்றார். அவர் சொன்னதும் பின் சீட்டைத்தான் பார்த்தேன். ஸ்டெப்னி வைக்கும் குழியின் தகடும் சுருங்கியிருந்தது. அந்த இடத்தில் ஒட்டு விட்டுப்போனால் தண்ணீர் இறங்கும், சைலன்சர் புகைகூட உள்ளே வரலாம். பார்க்கிங் சென்சார் ஒன்று கோணலாகிவிட்டிருந்தது. பம்பருக்குப் பின்னால் ரேடார் வைத்த கார்கள் உண்டு. அவற்றில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால்கூட ரேடாரின் பார்வை மங்கும், மாற்றிய பிறகு திரும்பச் சரிபார்த்து அளவமைக்கவேண்டும். 

இதனால்தான் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் அனுப்பிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. பம்பர் உறையும் பெயிண்ட்டும் மட்டும் போட்டு ஒரு தொகை. கீழே சின்ன எழுத்தில், இதுவே முழுமையான இறுதித் தீர்வு, இனி எதுவும் கோரமாட்டேன் என்று ஒரு வரி. போனில் பேசியவர் "சின்ன இடிதானே மேடம், இன்னிக்கே முடிச்சுடலாம்" என்றார். அவசரம் அவருக்குத்தான். கழற்றிப் பார்த்து, மருத்துவர் போதும் என்று சொல்லும் வரை கையெழுத்துப் போடுவதில்லை என்றேன். திரும்ப வந்து கழற்றிய நிலையில் பார்த்தார்கள், தொகை மாறியது. அவர்கள் பார்ப்பதற்கு முன்னால் ரிப்பேரைத் தொடங்காதீர்கள், கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போட விடாதீர்கள்.

க்ளெய்ம் செய்யப் போவதில்லை என்றாலும் உங்கள் இன்சூரன்ஸுக்கு அன்றே தகவல் சொல்லிவிடுங்கள். விபத்தை உடனே தெரிவிக்கவேண்டும் என்பது பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. ஒரு மாதம் கழித்து எதிராளி திடீரென்று உங்கள்மேல் க்ளெய்ம் போட்டால் அப்போது போய்ச் சொல்வது கஷ்டம். பேசும்போது பார்த்ததைச் சொல்லுங்கள், ஊகத்தைச் சொல்லாதீர்கள். "அவர் எவ்வளவு வேகத்தில் வந்தார்?" என்று என்னிடம் கேட்டார்கள். "நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன், தெரியாது" என்றேன். சொந்தப் பாலிசியில் க்ளெய்ம் செய்வதா என்பது, செலவில் நீங்களே ஏற்கவேண்டிய பங்கையும், க்ளெய்ம் செய்யாமல் இருந்தால் கிடைக்கும் போனஸை இழப்பதையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யவேண்டியது. அதையும் கழற்றிப் பார்த்த பிறகு கணக்குப் போடுங்கள்.

நான்காவது நாள் மாலை அந்தப் பையன் அழைத்தார். "அக்கா, கழுத்து எப்படி இருக்கு?" என்றார். கழுத்து வலி என்று இன்சூரன்ஸ் வழியாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. பரவாயில்லை என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டு, "வலிக்குதுப்பா, ஆனா டாக்டர் பயப்பட ஒண்ணுமில்லைன்னார்" என்றேன். பிறகுதான் எனக்குத் தோன்றியது. "உனக்கு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "வலது மணிக்கட்டு வீங்கியிருக்கு அக்கா. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சிருந்தேன். இடிச்சவன் நானே, இதைப் போய் யார்கிட்ட சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"இப்பவே கிளம்பு. காட்டிட்டு எனக்கு போன் பண்ணு" என்றேன். எட்டரை மணிக்கு அழைத்தார். மெல்லிய விரிசல், கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றார்.